ஒரே பொட்டலம், இரண்டு சட்டம்

2014 ஜனவரி முதல் தேதி காலை எட்டு மணிக்கு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகர் டென்வரில் ஒரு கஞ்சாக் கடை திறந்தது. வாசலில் குளிரில் நீண்ட வரிசை, உள்ளே தொலைக்காட்சிக் கேமராக்களின் நெரிசல். முதல் ஆளாகப் பணம் கொடுத்து வாங்கியவர் ஈராக் போருக்குப் போய்வந்த முன்னாள் ராணுவ வீரர். போர் தந்த மனக்காயத்துக்குக் கஞ்சா உதவுகிறது என்று அவர் சொல்லிவந்தார். ஆனால் அந்தப் பாதிப்பு அன்றைக்கு மாநிலத்தின் மருத்துவக் கஞ்சாப் பட்டியலில் இல்லை. அன்று காலை முதல் மருத்துவர் சான்று தேவைப்படவில்லை. 21 வயது நிரம்பியதற்கு ஓர் அடையாள அட்டை போதும். 28 கிராம் வரை ரசீதோடும் வரியோடும் வாங்கிக்கொள்ளலாம்.

அதே பொட்டலம் அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி ஹெராயின் இருக்கும் பட்டியலில் இருந்தது. விற்றவர், வாங்கியவர் இருவருமே அந்தச் சட்டத்தின் முன் குற்றவாளிகள். மாநிலச் சட்டமோ இருவரிடமும் வரி வாங்கிக்கொண்டு வழியனுப்பி வைத்தது.

இந்த இரட்டை நிலை இன்றும் முழுமையாகத் தீரவில்லை. கஞ்சா நல்லதா கெட்டதா என்பதைவிட, ஒரே மண்ணில் இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று மறுத்து நிற்கும்போது அவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறவர் யார் என்பதுதான் பெரிய கேள்வி.

1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் சட்டத்தை இயற்றியது. மருத்துவப் பயன் இல்லாதவை, பழக்கத்துக்கு அடிமையாக்கும் அபாயம் மிகுந்தவை என்று கருதப்பட்ட பொருள்கள் முதல் அட்டவணையில் சேர்ந்தன. கஞ்சாவும் அதில் போனது. அதை ஆராய்வதற்கென்றே ஒரு குழு அமைக்கப்பட்டு, பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர் அதற்குத் தலைமை தாங்கினார். 1972இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது: சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம். அதிபர் நிக்சன் அதை ஏற்கவில்லை. அவர் நியமித்த குழுவின் பேச்சையே அவர் கேட்டிருந்தால், பிறகு வந்த லட்சக்கணக்கான கைதுகளில் பெரும்பகுதி நடந்தே இருக்காது.

மறு ஆண்டே ஓரிகன் மாநிலம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் பெரிய திருப்பம் கலிஃபோர்னியாவில் வந்தது. அதைக் கொண்டுவந்தது எய்ட்ஸ். சான் பிரான்சிஸ்கோவில் இளைஞர்கள் எலும்பும் தோலுமாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியவர்களுக்குக் கஞ்சா கொஞ்சம் பசியைக் கொடுத்தது. மேரி ராத்பன் என்ற மூதாட்டி கஞ்சா கலந்த கேக் துண்டுகளைச் சுட்டு நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். அதற்காகப் பலமுறை கைதானார். நோயாளிகளுக்குக் கஞ்சா வழங்கும் கூடம் திறந்த டென்னிஸ் பெரோன் போன்றவர்களின் முயற்சியால் 1996இல் பொதுவாக்கெடுப்பு வந்தது. 55 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த முதல் மாநிலமானது கலிஃபோர்னியா.

மத்திய அரசு விட்டுவிடவில்லை. மருத்துவர் பரிந்துரையோடு வீட்டிலேயே ஆறு செடி வளர்த்த ஒரு நோயாளியின் வீட்டுக்குள் மத்திய அதிகாரிகள் புகுந்து செடிகளை அழித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. விற்பனைக்கே வராத செடியும் அந்தச் சந்தையைப் பாதிக்கக்கூடியது. எனவே மத்தியச் சட்டம் அதன்மேலும் செல்லும் என்பது அதன் சாரம்.

அப்படியானால் கடைகள் எப்படித் திறந்தன? காரணம் எளிது. மத்தியச் சட்டத்தை அமல்படுத்துமாறு மாநிலப் போலீஸாரை மத்திய அரசு கட்டாயப்படுத்த அமெரிக்க அரசியலமைப்பு இடம் கொடுப்பதில்லை. கஞ்சாக் கைதுகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளூர்ப் போலீஸ் செய்பவை. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டால் மத்தியச் சட்டம் ஏட்டில்தான் இருக்கும். 2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களின் வாக்காளர்கள் பொழுதுபோக்குக் கஞ்சாவுக்கு ஒப்புதல் தந்தபோது இதுதான் நடந்தது. சிறுவர்களுக்கு விற்காமலும் வேறு மாநிலத்துக்குக் கடத்தாமலும் பார்த்துக்கொண்டால் தலையிடுவதில் முனைப்புக் காட்டமாட்டோம் என்று 2013இல் மத்திய நீதித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. 2018இல் தலைமை வழக்கறிஞர் ஜெஃப் செஷன்ஸ் அதைத் திரும்பப் பெற்றார். கடைகள் மூடப்படவில்லை. ஆனால் ஒரு சுற்றறிக்கையை நம்பித்தான் இத்தனை பெரிய தொழில் நின்றிருந்தது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

மக்கள் மனம் மாறியதும் சிறிய விஷயமல்ல. 1969இல் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது 12 சதவீதம் பேர்தான் சட்டபூர்வமாக்கலாம் என்றார்கள். 2023இல் 70 சதவீதம். இந்த மாற்றத்தில் கைதுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கக் குடிமைச் சுதந்திர ஒன்றியம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2010 வரை கஞ்சாவுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கைதுகள் நடந்தன. அவற்றில் 88 சதவீதம் வெறுமனே வைத்திருந்த குற்றம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் புகைக்கிறார்கள். ஆனால் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒருமுறை பதிவான வழக்கு வேலை, வாடகை வீடு, கல்விக் கடன் என்று எங்கு போனாலும் கூடவே வந்தது. இந்த அநியாயத்தை நிறுத்தியது மாநிலங்கள் செய்த நல்ல காரியம். அதில் சந்தேகமே வேண்டாம். இல்லினாய் மாநிலம் 2020இல் விற்பனையைத் தொடங்கியபோது பழைய சிறு வழக்குகளை அழிக்கவும் சட்டத்திலேயே வழிசெய்தது. நியூயார்க் தன் முதல் கடை உரிமங்களில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. எண்ணம் நல்லது, ஆனால் உரிமம் கொடுப்பதில் வந்த தாமதத்தில், நியூயார்க் நகரத் தெருக்களெங்கும் உரிமம் இல்லாத கடைகள் முளைத்துவிட்டன.

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இன்றைக்கு விற்கும் கஞ்சா பழைய கஞ்சா அல்ல. 1990களின் நடுவில் போலீஸ் பிடித்த சரக்கில் போதையூட்டும் டி.ஹெச்.சி. வேதிப்பொருள் சராசரியாக 4 சதவீதம்தான் இருந்தது. இப்போது 15 சதவீதத்தைத் தாண்டிய மொட்டுகள் சாதாரணம். பிழிந்தெடுத்த சாறுகளில் 60, 80 சதவீதம் வரை போகிறது. பிறகு தின்பண்டங்கள்: சாக்லேட், பிஸ்கட், மிட்டாய். புகைத்தால் சில நிமிடங்களில் தலைக்கேறும். தின்றால் கல்லீரல் வழியாகப் போய், அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டு எடுப்பவருக்குப் பிறகு மொத்தமாக இறங்குகிறது. கடைகள் திறந்த மூன்றாம் மாதமே, டென்வருக்கு வந்த 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், ஆறு வேளைக்கான பிஸ்கட்டை முதலில் ஒரு துண்டும், பிறகு மிச்சம் முழுவதுமாகவும் தின்றார். சில மணி நேரத்தில் நான்காம் மாடியிலிருந்து குதித்து இறந்தார்.

ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 100 மில்லிகிராம் என்ற வரம்பு கொலராடோவில் இருந்தது. பண்டத்தின் மேலேயே அடையாளம் பதிக்க வேண்டும், மனித, மிருக, பழ உருவங்களில் மிட்டாய் செய்யக் கூடாது என்ற விதிகளெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கடை முதலில், விதி பின்னால். நாடு முழுக்க ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாப் பண்டங்களைத் தெரியாமல் தின்றதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017இல் 207. 2021இல் 3,054. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, இந்த வியாபாரத்தில் தவறேதும் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் பயந்ததெல்லாம் நடந்துவிடவும் இல்லை. கொலராடோவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே கஞ்சாப் பழக்கம் 2013இல் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2021இல் 13 சதவீதமாக இறங்கியிருந்தது. கூடியது பெரியவர்களிடம்தான். 2022 நிலவரப்படி அமெரிக்காவில் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா எடுப்பவர்கள் 1 கோடியே 77 லட்சம். அதே அளவுக்குக் குடிப்பவர்கள் 1 கோடியே 47 லட்சம். தினப் பழக்கத்தில் மதுவைக் கஞ்சா முந்திவிட்டது. வியாபாரத்துக்கு லாபம் தருகிறவர்களும் இந்தத் தின வாடிக்கையாளர்களே. அதனால்தான் வீரியத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்பது வெறும் ஒழுக்கப் பேச்சு அல்ல. வெர்மான்ட் மாநிலம் தொடக்கத்திலேயே மொட்டுக்கு 30, சாறுக்கு 60 சதவீதம் என்று வரம்பு கட்டியது. மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய பாதை இது.

வரி வருமானம் பற்றிய பெருமையும் அளவோடுதான் இருக்க வேண்டும். கொலராடோவில் வருமானத்தின் ஒரு பகுதி பள்ளிக் கட்டடங்களுக்குப் போவது உண்மை. 2021இல் 42 கோடி டாலரைத் தாண்டிய அந்த வரி, 2024இல் 25 கோடியை ஒட்டி வந்து நின்றது. பக்கத்து மாநிலங்களும் கடை திறந்தால் வெளியூர் வாடிக்கையாளர் எதற்காகக் கொலராடோவுக்கு வர வேண்டும்? விலையும் சரிந்தது.

மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு இடையில் சிக்குகிறவர்களின் கதைதான் வேதனையானது. கொலராடோவில் கை கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒருவர், தசைப்பிடிப்புக்காக மாநில அனுமதி அட்டையோடு, வேலை நேரத்துக்கு வெளியே கஞ்சா எடுத்துவந்தார். நிறுவனத்தின் சோதனையில் தெரிந்து வேலை போனது. 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: வேலைக்கு வெளியே செய்யும் சட்டபூர்வமான செயல்களைக் காக்கும் மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் தடுக்கும் செயலுக்குப் பொருந்தாது. கடைக்காரர்களுக்கும் இதே கதி. மத்தியச் சட்டத்துக்கு அஞ்சிப் பல வங்கிகள் கணக்குத் தர மறுத்ததால், ரொக்கத்தைப் பெட்டி பெட்டியாக வைத்துக் காவல் காத்தார்கள்.

2024 தேர்தல் முடிந்தபோது 24 மாநிலங்கள் பெரியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதித்திருந்தன. அந்தத் தேர்தலில் ஃபுளோரிடாவில் 56 சதவீதம் பேர் ஆதரித்தும் 60 சதவீதம் தேவை என்பதால் தோற்றது. அதே ஆண்டு, கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு இறக்கும் யோசனையை மத்திய நீதித்துறை முன்வைத்தது. அட்டவணை மாறினாலும் கடைகளின் பொழுதுபோக்கு விற்பனை மத்தியச் சட்டத்தில் செல்லுபடியாகிவிடாது. நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றாதவரை முடிச்சு அவிழாது. அரை நூற்றாண்டாக அது இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் இதில் மிகப் பெரிய குற்றம்.

இது நம்மவர்களையும் நேராகத் தொடுகிறது. தமிழர்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் மூன்றிலும் கஞ்சாக் கடைகள் உண்டு. ஆனால் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. மாநிலச் சட்டப்படி கஞ்சா வாங்கியதோ, அந்தத் தொழிலில் வேலை பார்த்ததோ கூட, நன்னடத்தை இல்லை என்று குடியுரிமை விண்ணப்பத்தை மறுக்கக் காரணமாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே அறிவித்தது. வழக்கோ தண்டனையோ கூட வேண்டியதில்லை. அதிகாரி கேட்கும்போது வாயால் ஒப்புக்கொண்டதே நாட்டுக்குள் நுழைவதற்குத் தடையாகிவிடக்கூடும். அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை விமானம் ஏறும் முன்பே சொல்லி அனுப்புங்கள்: குடியுரிமை கைக்கு வரும்வரை அந்தக் கடைக்குள் போக வேண்டாம், அங்கே பகுதிநேர வேலைக்கும் சேர வேண்டாம். ஏற்கெனவே சிக்கல் வந்திருந்தால், எந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கும் முன்பு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.