கண்ணில் குறையில்லை, காட்சியில் குழப்பம்

ஆல்ஸைமர் நோய் என்றதும் ஞாபக மறதியே நம் நினைவுக்கு வருகிறது. 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ஆலோய்ஸ் ஆல்ஸைமர் முதன்முதலில் எடுத்துரைத்த இந்நோய், அசைவைக் காணும் திறனையும் சிலரிடம் குறைத்துவிடுகிறது என்பதைப் பலர் அறியார். கோயில் தொண்டூழியராகவும், இந்நோயுற்ற என் பெரியம்மாவைக் கவனித்து வருபவனாகவும் இதனை அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விழைகிறேன்.

கண் படம் பிடிக்கிறது. அதற்குப் பொருள் சொல்வது மூளை. நிறத்திற்கு ஒரு பகுதி, அசைவிற்கு வேறொரு பகுதி என அங்கே வேலைகள் பிரிந்துள்ளன. மூனிக் நகரப் பெண்மணி ஒருவரைப் பற்றி 1983இல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினர். அவருக்கு ஆல்ஸைமர் இல்லை. மூளையில் அசைவை உணரும் பகுதி பழுதுபட்டிருந்தது. கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்து நிற்பதுபோல் தெரிந்தது. தூரத்தில் நின்ற கார், திடீரென்று அருகில் நின்றது!

நாம் நடக்கும்போது எதிரேயுள்ள காட்சி விரிந்து, இருபுறமும் பின்னோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தைக் கொண்டே நாம் செல்லும் திசையை மூளை கணிக்கிறது. ஆல்ஸைமர் நோயில் அமிலாய்டு, டாவ் என்னும் புரதங்கள் படிந்து நரம்பணுக்கள் சிதைகின்றன. சிதைவு மூளையின் பின்பகுதியை எட்டினால் இக்கணிப்பு தவறுகிறது. இவ்வாறு காட்சி ஓட்டத்தை உணர இயலாத நோயாளிகள் வழியறிவதிலும் தடுமாறுவதை, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்டனர்.

என் பெரியம்மாவின் கண்களில் குறையில்லை என்றார் கண் மருத்துவர். ஆயினும் மின்படியின் முன் கால் வைக்க அஞ்சி நின்றுவிடுவார். சிராங்கூன் சாலையில் பேருந்து வரும் வேகம் அவருக்குப் பிடிபடாது. உறவினர் சிலர் இதைப் பிடிவாதம் என்றனர்; "இனிக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டாம்" என்றும் கூறினர். அறுபது ஆண்டுகளாக அவர் போய்வந்த இடம் அது!

வீட்டில் அடைத்து வைப்பது தீர்வாகாது. மின்படியைத் தவிர்த்து மின்தூக்கியில் அழைத்துச் செல்லுங்கள். பின்னாலிருந்து தொடாமல், முன்னால் வந்து பெயர் சொல்லிப் பேசுங்கள். தைப்பூச நெரிசலைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த வேளையில் தரிசனம் செய்விக்கலாம். நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் தொடங்கிய திட்டத்தின்படி, குறிப்பிட்ட சாலைச் சந்திப்புகளில் மூத்தோர் தம் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும். அப்போதும் கையைப் பிடித்தே கடக்கச் செய்யுங்கள்.

சிங்கப்பூரில் அறுபது வயதைத் தாண்டியோரில் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் உள்ளதாக மனநலக் கழகம் 2015இல் தெரிவித்தது. ஆதலால், சந்நிதிக்குச் செல்லும் வழியில் முதியவர் ஒருவர் தயங்கி நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். அவர் கண்முன் உலகம் வேறு விதமாக அசைந்துகொண்டிருக்கலாம். ஒரு கை கொடுங்கள், அதுவும் திருப்பணியே.