மந்தமான இணைப்பில் தொலைதூரத் திரை

முழு எச்டி திரை ஒன்றில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உண்டு. புள்ளிக்கு 24 பிட் என்று வைத்தால் ஒரே ஒரு படத்துக்கே ஏறக்குறைய 5 கோடி பிட். நொடிக்கு 2 மெகாபிட் தரும் இணைப்பில் அதை அப்படியே அனுப்ப 25 நொடி பிடிக்கும். எங்கோ இருக்கும் கணினியின் திரையை நம் மடிக்கணினிக்குக் கொண்டுவரும் ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்களின் சாமர்த்தியம் முழுவதும் எதை அனுப்பாமல் விடுவது என்பதில்தான்.

1990களில் கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த விஎன்சி, திரையில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. விண்டோஸின் ஆர்டிபி, ஒருமுறை வந்த ஐகானை நம் கணினியிலேயே சேமித்து வைத்து மறுபடி எடுத்துக்கொள்கிறது. நாமும் கொஞ்சம் ஒத்துழைக்கலாம். வால்பேப்பர், அசைவுகள், ஒலி எல்லாவற்றையும் அணைக்கலாம். வண்ணத்தை 32 பிட்டிலிருந்து 16க்கு இறக்கலாம். அழகு போகும், வேலை நடக்கும்.

இவ்வளவு செய்தும் மவுஸ் தயங்கித் தயங்கி நகர்ந்தால், நோய் பெரும்பாலும் வேறு: தாமதம். செயற்கைக்கோள் வழி இணைப்பைப் பாருங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. நாம் தட்டிய விசை மேலேறி இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப அரை நொடி ஆகிவிடும். ஒளியின் வேகமே அவ்வளவுதான். எவ்வளவு சுருக்கி அனுப்பினாலும் இது குறையாது. மெகாபிட் கணக்கைப் பெரிதாக அச்சிட்டு இணைப்பு விற்பவர்கள் இந்தத் தாமதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வேறொரு கணினியில் ஓடும் செயலியை நம் திரையில் காட்டவல்ல, 1984இல் எம்ஐடியில் உருவான எக்ஸ் விண்டோ முறை தடுக்கியது இங்கேதான். ஒரு செயலி திறக்கும்போது திரையிடம் ஏதாவது கேட்கும், பதில் வரும்வரை காத்திருக்கும், பிறகு அடுத்ததைக் கேட்கும். ஒரே கட்டடத்துக்குள் இது யாருக்கும் தெரியாது. அரை நொடித் தாமதத்தில் இப்படி நூறு கேள்வி என்றால் 50 நொடி! நோமெஷின் நிறுவனத்தின் என்எக்ஸ், செயலி ஓடும் கணினியிலேயே ஒரு முகவரை உட்கார வைத்து, பல கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்ல வைத்தது. லினக்ஸில் எக்ஸ்2கோ நடப்பதும் இதே வழியில்.

கட்டளைகள் தட்டினால் போதும் என்றால் திரையை இழுத்துவர வேண்டியதே இல்லை. 2012இல் எம்ஐடியிலிருந்து வந்த மோஷ் என்ற மென்பொருள், நாம் தட்டிய எழுத்தை மறுமுனை ஒப்புக்கொள்ளும் முன்பே ஊகித்துக் காட்டிவிடும். இணைப்பு இழுத்தடித்தால், இன்னும் உறுதியாகாத எழுத்துகளுக்கு அடிக்கோடு போட்டு வைக்கும். ஊகம் தப்பானால் தானே திருத்திக்கொள்ளும்.