உங்களுக்குத் தெரியுமா? நிக்காஹும் பெண் பிள்ளையின் வயதும்

● இலங்கையின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. அதைக் கொண்டுவந்த 1995ஆம் ஆண்டுத் திருத்தம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றில் நடக்கும் நிக்காஹ்களைத் தொடவில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதே கிடையாது. 12 வயது நிரம்பாத பிள்ளையைக் கட்டிக்கொடுக்கக் காதியாரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

● நிக்காஹ் பதிவில் பெண் சார்பில் கையெழுத்திடுபவர் அவளுடைய வலி (பொறுப்பாளர்), பெரும்பாலும் வாப்பா. மணமகளின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. 15 வயதுப் பிள்ளை சம்மதித்தாளா என்று பிற்காலத்தில் எந்தப் பதிவைப் பார்த்துச் சொல்வது?

● 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், தண்டனைச் சட்டக்கோவைப்படி வன்புணர்வு. 12 வயதைக் கடந்த மனைவி என்றால் மட்டும் விலக்கு!

● பதின்வயதில் துணையோடு உறவில் இருந்த பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், 20 வயதுக்குள் அந்தத் துணையின் அடியையோ பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கு இது. படிப்பும் கைக்காசும் இல்லாத வயதில் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

● தலாக் சொல்லக் கணவன் காரணம் காட்டத் தேவையில்லை. கொடுமை தாங்காமல் பஸ்ஹ் (மனைவி கோரும் மணமுறிவு) கேட்கும் மனைவி காதி நீதிமன்றத்தில் காரணத்தை நிரூபிக்க வேண்டும், சாட்சிகளோடு. பூட்டிய அறைக்குள் விழுந்த அடிக்குச் சாட்சியை எங்கே தேடுவாள்?

● உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா, 2019இல் பெண்ணின் திருமண வயதை 16இலிருந்து 19ஆக உயர்த்தியது. இங்கே முஸ்லிம் விவாகச் சட்டத்தில் திருத்தங்களைப் பரிந்துரைக்க 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரு தரப்பாகப் பிரிந்து. அதற்குள் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையை இறக்கிவைத்தார்களோ.

● நம் கரையோர வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வாப்பா பாடுபட்டுக் கட்டிய வீடு மகளுக்கே சீதனமாகப் போகிறது. ஆனாலும் அடிபட்டவள்தான் வெளியேற வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம் மனைவிக்கும் உரியது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்தக் கட்டளை, அடித்தவன் அவள் வசிக்கும் வீட்டுக்குள் நுழைவதையே தடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 1938, சிறுவர்களுக்கு 1929.