பூனைக்குப் பல் பிடுங்கியாச்சு… அடுத்து என்ன?

வளர்ந்த பூனைக்கு மொத்தம் 30 பல். அதில் ரெண்டோ மூணோ கெட்டுப்போய், டாக்டர் மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கி, பூனையை உங்கள் கையில் கொடுத்துவிட்டார். "அப்பாடா, முடிஞ்சுது"ன்னு நினைக்காதீங்க. பாதி வேலை வீட்டில்தான் இருக்கு.

முதல் ராத்திரி

மயக்கம் முழுசாகத் தெளிய ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை நடை தள்ளாடும். அதனால் பீரோ மேல ஏறவோ, பால்கனிக்குப் போகவோ விடாதீங்க. அமைதியான ஒரு ரூம், தரையில் மடித்த போர்வை, பக்கத்திலேயே தண்ணீர், லிட்டர் ட்ரே. அவ்வளவுதான். எச்சிலில் லேசாக ரத்தம் தெரிந்தால் ஓரிரு நாளைக்குப் பயமில்லை. நிற்காமல் சொட்டினால் உடனே டாக்டருக்கு போன் போடுங்க. தையல் எப்படி இருக்குன்னு வாயைத் திறந்து பார்க்க வேண்டாம். பெரும்பாலும் அது தானாகக் கரையும் நூல்தான்.

சாப்பாடு

நன்றாக முழித்த பிறகு, அன்று மாலையே கொஞ்சம் கொடுங்க. வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்த கேட் ஃபுட், அல்லது எலும்பில்லாமல் வேகவைத்து மசித்த சிக்கன். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெதுவெதுப்பாக இருந்தால் வாசனை தூக்கும். பூனை மூக்கை நம்பித்தான் சாப்பிடும். ஒன்றிரண்டு வாரத்துக்கு இதே மெனுதான்.

"பசிச்சா தானா சாப்பிடும்"னு யாராவது சொன்னால் கேட்காதீங்க. பூனை பட்டினி கிடந்தால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவியும். சில நாளிலேயே கல்லீரல் படுத்துவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க.

மாத்திரை

இதுதான் ரொம்ப முக்கியம். பாவம் வலிக்குதேன்னு உங்க பையில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துடாதீங்க. நம்ம கல்லீரல் அந்த மருந்தைப் பக்குவமாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். அதற்குத் தேவையான என்சைம் பூனைக்கு மிகவும் குறைவு. மருந்து விஷமாகி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும். ஐபுப்ரோஃபெனும் அதே மாதிரி விஷம்தான்.

டாக்டர் எழுதிய வலி மருந்தை மட்டும், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்க. சாப்பிடவே இல்லை, வாந்தி எடுக்குது என்றால் அடுத்த டோஸுக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்க.

வலியை மறைப்பதில் பூனை கில்லாடி. கத்தாது. கட்டிலுக்கு அடியில் பதுங்கும், தட்டு வரை வந்து திரும்பிப் போகும், காலால் வாயைத் தேய்க்கும். இதெல்லாம் தெரிந்தால் வலி இருக்குன்னு அர்த்தம்.

தினமும் எவ்வளவு சாப்பிட்டது, எப்போ மருந்து கொடுத்தீங்க என்று போனில் குறித்து வையுங்க. மறுபடி காட்டப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பல் போனாலும் கவலை வேண்டாம். புண் ஆறியதும் பழையபடி தட்டைக் காலி பண்ணிடும்.