குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால்

பொழுது புலருமுன் பால்வெட்டுக்குப் புறப்பட வேண்டிய தாய்க்கு, நள்ளிரவில் கைக்குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதிப்பதைக் காட்டிலும் கலக்கம் தருவது வேறில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, விடியும்வரை காத்திருக்கலாமா, இப்பொழுதே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா என்று மனம் அல்லாடும். அந்நேரத்தில் சரியான முடிவு எடுப்பதற்கு வேண்டிய செய்திகளை இங்கே எடுத்துரைக்கிறோம்.

காய்ச்சல் தனியொரு நோயன்று. உடலில் புகுந்த நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடும்பொழுது உடல் தன் வெப்பத்தைத் தானே உயர்த்திக்கொள்கிறது. ஆகவே, வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டா. எண் குறைந்துவிட்டது என்று அயர்ந்துவிடவும் வேண்டா. குழந்தை பால் குடிக்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறதா என்பவற்றையே முதலில் கவனிக்க வேண்டும்.

வயதே முதற்கேள்வி

தொட்டுப் பார்த்து மட்டும் காய்ச்சலை அளக்க இயலாது. எண்களைக் காட்டும் மின் வெப்பமானி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று. அக்குளில் வைத்துப் பார்க்கையில் 37.5 டிகிரிக்கு மேல் இருந்தால் அது காய்ச்சலே.

3 மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியத்துக்கே இடமில்லை. இரவானாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இவ்வயதில் கடுமையான கிருமித் தொற்றும்கூட வேறு அறிகுறி காட்டாமல் மறைந்திருக்கக்கூடும். உடல் வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டுப் போவதும் அபாய அறிகுறியே. 3 முதல் 6 மாதக் குழந்தைக்கு வெப்பம் 39 டிகிரியைத் தொட்டால் அன்றே காட்டிவிட வேண்டும்.

பாலும் நீரும்

காய்ச்சலில் உடலின் நீர் வற்றும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். தண்ணீரோ ஓமநீரோ வேண்டா. 6 மாதம் கடந்த குழந்தைக்குப் பாலுடன் கொதித்து ஆறிய நீர், கஞ்சி, சாறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். காய்ச்சலுக்குப் பட்டினியே மருந்து என்று பெரியவர்கள் கூறுவது குழந்தைகளுக்குப் பொருந்தாது.

மெல்லிய பருத்தி உடை போதும். குளிர்கிறதே என்று கம்பளி போர்த்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி மேலும் ஏறும். குளிர்ந்த நீரால் குளிப்பாட்டுதல், பனிக்கட்டி ஒற்றுதல், ஸ்பிரிட் தேய்த்தல் ஆகியவை உடலை நடுங்கச் செய்து தீங்கு விளைவிக்கும். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ தடவுதலும் ஆகாது. கற்பூரம் உடலுட்சென்றால் வலிப்பை உண்டாக்கக்கூடும்.

மருந்தின் அளவு

குழந்தை வேதனைப்பட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டும். அளவைத் தீர்மானிப்பது குழந்தையின் எடை. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 6 கிலோ குழந்தைக்கு 60 முதல் 90 மில்லிகிராம் ஆகும்.

புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்தும் உண்டு. 250 மில்லிகிராம் உள்ள மருந்தும் உண்டு. முன்னதில் 2.5 மில்லிலிட்டர் கொடுத்தால் 60 மில்லிகிராம். பின்னதில் அதே அளவு கொடுத்தால் 125 மில்லிகிராம். 6 கிலோ குழந்தைக்கு இது மிகை. சமையற்கரண்டியால் அளக்காமல், மருந்துடன் தரும் அளவுக்குழலையே பயன்படுத்துங்கள்.

வேளைக்கு வேளை 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. தாய் காலை 5 மணிக்கு மருந்து கொடுத்துவிட்டு வேலைக்குச் செல்ல, அதை அறியாத பாட்டியோ ஆயாவோ 7 மணிக்கு மறுபடியும் கொடுத்துவிட நேரலாம். அளவு மிஞ்சிய பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். ஆகவே, கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் புட்டியுடன் சேர்த்துக் கொடுத்துச் செல்லுங்கள்.

டிங்கியை மறவாதீர்

நம் நாட்டில் எந்தக் காய்ச்சலும் டிங்கியாக இருக்கக்கூடும். அதனால் ஆஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மருந்துகளை நாமாகக் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் 2 நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டிங்கியின் அபாயக் கட்டம் காய்ச்சல் தணியும் வேளையில் வருவது என்பதை நினைவிற்கொள்க. உடல் வெப்பம் இறங்கிய பின் கைகால் சில்லிட்டு, ஓயாது வாந்தியெடுத்து, குழந்தை துவண்டு கிடந்தால் அது குணமடைவதன் அடையாளம் அன்று.

வெட்டாத மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்கிய மங்கு ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும். காட்டோரத் தோட்டங்களில் குரங்கிடமிருந்து கொசு வழியே பரவும் மலேரியாவும் உண்டு. வசிக்குமிடத்தை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

வலிப்பு வந்தால்

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருவதுண்டு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் கரண்டியோ நீரோ மருந்தோ வைக்காதீர். கையில் இரும்புச் சாவி திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். அடங்கிய பின்னும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 999 எண்ணை அழையுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழிக்காத மயக்கம், மூச்சுத் திணறல், விலா உள்வாங்குதல், 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாமை, உதடும் நாக்கும் வெளுத்தல் அல்லது நீலம் பாய்தல், உச்சிக்குழி புடைத்தல், அழுத்தியும் மறையாத செந்தடிப்பு, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல். இவற்றுள் ஒன்று கண்டாலும், எந்த வேளையானாலும் புறப்படுங்கள்.

தோட்டத்திலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். இரவில் வண்டி கொடுத்துதவ யார் உளர் என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்வது அறிவுடைமை. குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். எடையும் தடுப்பூசி விவரமும் அதில் உள்ளன. ஒரு நாள் வெட்டை மறுநாள் ஈடுகட்டலாம். காலம் தாழ்த்தியதால் நேரும் இழப்பை ஈடுகட்ட வழியில்லை.