நடு மாட்டுக்கு!

"நுனி வீட்டுக்கு, நடு மாட்டுக்கு, அடி காட்டுக்கு" என்று நெல் விளையும் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. கதிர் மனிதனுக்கு, தாள் மாட்டுக்கு, அடிக்கட்டை மண்ணுக்கு என்பது அதன் பொருள். ஒரே பயிரை மூன்று பங்காளிகள் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ளும் பாகப்பிரிவினை இது! கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலும், அப்பால் கொள்ளிடக் கரை வரையிலும் உள்ள கிராமங்களில் இந்தப் பாகப்பிரிவினை நடக்கும் காலம்தான் மார்கழியும் தையும்.

குளிர்காலம் என்றதும் மேல்நாட்டுப் படங்களில் பார்த்த வெண்பனி நம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆடுமாடுகள் கொட்டிலில் அடைபட்டு, கோடையில் அறுத்து உலர்த்திய புல்லைத் தின்று கிடக்கும். வீட்டுப் பெண்கள் கணப்புக்கு அருகில் அமர்ந்து கம்பளி நூற்பார்கள். கடலூர்ச் சீமையில் கடுங்குளிர் ஏது? மார்கழி விடியற்காலையில்கூட வெப்பமானி சுமார் 20 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும். ஆனாலும் வேலை என்னவோ அதே வேலைதான். வயல் முழுதும் சேறும் பயிருமாக இருப்பதால் மாடு மேயப் போக இடமில்லை. சேர்த்து வைத்த தீவனத்தைப் போட வேண்டும். ஓய்ந்த நேரத்தில் கை நார் திரிக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, முடிதான். ஆகவே இங்கே நார் ஆட்டின் முதுகிலிருந்து வருவதில்லை. வைக்கோலிலிருந்தும் தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் வருகிறது.

போர் என்னும் சேமிப்பு

இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வீராணம் நிரம்பும். வெள்ளாறும் கெடிலமும் பெருகும். சம்பாப் பயிர் பால் பிடிக்கும். நெல் காசாக இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை இரண்டு ஏக்கர் குடியானவர் வீட்டில் அடுப்பெரிவது எதனால்? காலையும் மாலையும் பால் ஊற்றிப் பெறும் காசினால்தான். அந்தப் பாலைத் தருவது கொல்லையில் நிற்கும் வைக்கோல் போர்.

போர் போடுவது ஒரு கலை. மேடான இடம் பார்த்து, அடியில் பனந்துண்டோ கல்லோ பரப்பி, தாள்களை ஒரே சீராக அடுக்கி, உச்சியைக் கூம்பாக்கிப் பிரி கொண்டு இறுக்கிக் கட்டுவார்கள். சரியாகப் போட்ட போரில் எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். உள்ளே வைக்கோல் பொன்போல் இருக்கும். தவறாகப் போட்டால் உள்ளே நீர் இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் மாட்டுக்கு ஆகாது.

கயிறு திரிப்பவர்கள்

இல்லாததைச் சொல்கிறவனை "கயிறு திரிக்கிறான்" என்று கேலி செய்கிறோம். உண்மையில் கயிறு திரிப்பதில் பொய்க்கே இடமில்லை. ஓர் இழை ஏமாற்றினாலும் கயிறு அறுந்து காட்டிக் கொடுத்துவிடும்!

வைக்கோலை ஈரப்படுத்தி முறுக்கினால் பிரி. ஒருவர் வைக்கோலைக் கொடுத்துக்கொண்டே இருக்க, மற்றவர் முறுக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து போவார். அந்தக் காலத்தில் பிரியைச் சுற்றிச் சுற்றிச் சேர் கட்டி, அதற்குள் நெல்லைக் கொட்டி, மேலே மண் பூசி வைப்பது உண்டு. விதை நெல்லை வைக்கோலால் பொதிந்து கோட்டை கட்டுவார்கள். நெல்லைத் தந்த தாளே அதற்குப் பெட்டகமும் ஆனது.

தேங்காய் மட்டையை நீரில் பல மாதம் ஊறப்போட்டுத் தட்டினால் நார் பிரிந்து வரும். கற்றாழை மடலை நைத்து எடுக்கும் நார் வெள்ளையாகவும் நீளமாகவும் இருக்கும். பனை மட்டை நாரில் கட்டில் பின்னுவார்கள். வாழைப் பட்டையைக் கிழித்துக் காயவைத்த நார் பூத்தொடுக்க உதவும். மார்கழியில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத் திருவிழா பத்து நாள் நடக்கும்போது தொடுக்கும் மாலைகளைத் தாங்குவதும் இந்த நார் அல்லவா?

மாட்டுக்கு வேண்டிய கயிறு ஒன்றா, இரண்டா? மூக்கில் கோக்க மூக்கணாங்கயிறு, கழுத்துக்குக் கழுத்துக்கயிறு, கன்றுக்குத் தும்பு, களத்தில் மாடுகளை வரிசையாகப் பிணைத்து ஓட்டத் தாம்பு. மாட்டுப் பொங்கலன்று பழசைக் கழற்றிப் புதுசு மாட்டுவது மரபு. ஆகவே மார்கழி முழுதும் திண்ணைகளில் கயிற்று வேலைதான்.

இப்போது கடைகளில் சிவப்பும் பச்சையுமாக நைலான் கயிறு தொங்குகிறது. விலை மலிவு, எளிதில் அறுவதுமில்லை. அறாதிருப்பதுதான் அதில் உள்ள ஆபத்தும். மாடு மிரண்டு இழுத்தால் நைலான் தோலை அறுத்துவிடுகிறது. மூக்கில் புண்ணானால் ஈரக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். நூல் கயிறும் நார்க் கயிறும் மிருதுவானவை. வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சும். மலிவு என்று வாங்கியது மருந்துச் செலவில் கொண்டுபோய் விட்டால் லாபம் எங்கே?

ஒரு சின்னக் கணக்கு

கயிற்றைவிடப் பெரிய கவலை வைக்கோலைப் பற்றியது. கறவை மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ வைக்கோல் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,190 கிலோ ஆகிறது. இரண்டு மாட்டுக்கு நாலேகால் டன்னுக்கு மேல். நல்ல சம்பா விளைச்சலில் ஏக்கருக்குச் சுமார் இரண்டு டன் வைக்கோல் கிடைக்கும். ஆக, இரண்டு ஏக்கர் நிலமும் இரண்டு மாடும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சரியாக அளந்து செய்தாற்போலப் பொருந்துகின்றன. சிறு பண்ணை என்பது இந்தப் பொருத்தம்தான்.

அறுவடை இயந்திரம் வந்தபின் இந்தப் பொருத்தம் கெட்டுப்போயிற்று. அறுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுப்படியாவதில்லை, மழை மிரட்டுகிறது. இயந்திரத்தைக் கூப்பிட்டதற்காகக் குடியானவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இயந்திரம் தாளை உயரத்தில் அறுத்து, நொறுக்கி, சேற்றிலேயே உமிழ்ந்துவிட்டுப் போகிறது. நொறுங்கிய தாளில் பிரி திரிக்க முடியாது, போரும் நிற்காது. அதைச் சுருட்டிக் கட்ட இன்னோர் இயந்திரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். வயலில் ஈரம் இருந்தால் அந்த இயந்திரமும் இறங்காது. பழமொழியில் நடுவில் இருந்த பங்காளிக்குத்தான் முதல் நஷ்டம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். மண்ணில் மிஞ்சிய ஈரமும் தைப் பனியும் போதும், வேறு தண்ணீர் வேண்டாம். முளைத்து நிற்கும் அந்தக் குருத்துக்கள்மேல் இயந்திரச் சக்கரம் ஏறினால் அந்தத் தடம் முழுதும் பாழ்.

கடலூரின் குளிர்காலச் சோதனைகள்

இயற்கையும் இந்தப் பருவத்தையே தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையோர நிலங்களில் உப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. மனிதன் மேட்டுக்கு ஏறித் தப்பலாம். ஆனால் கட்டிப்போட்ட மாடு என்ன செய்யும்? வெள்ளம் வருகிறதென்றால் முதலில் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்பது பட்டறிந்தவர்கள் சொல்லும் பாடம்.

வெள்ளம் வடிந்தபின் நோய் வரும். தேங்கிய நீரின் நத்தைகளிலிருந்து ஈரல் தட்டைப்புழு பரவும்; தொண்டை அடைப்பான் தலைகாட்டும்; ஆட்டுக்கு நீலநாக்கு நோய் சிறு கொசு இனங்களால் வரும். 2013-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டெல்டா மாவட்டங்களில் கோமாரி பல மாடுகளைக் கொண்டுபோனது. தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும்.

வயலுக்கு வரும் விருந்தாளிகள்

தை பிறந்து அறுப்பு முடிந்ததும் வயலுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். முதலில் வாத்துக் கூட்டம். சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்று, எச்சத்தை எருவாக விட்டுச் செல்லும். பிறகு இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை நடத்திக்கொண்டு வருவார்கள். இரவில் ஆட்டை வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் சேரும். எருவை வண்டியில் அடிக்க வேண்டிய கூலியும் மிச்சம். "ஆட்டு உரம் அந்த வருஷம், மாட்டு உரம் மறு வருஷம்" என்பது அனுபவ மொழி. பழமொழியின் மூன்றாம் பங்காளியான மண்ணுக்கு, அடிக்கட்டையோடு இதுவும் சேர்கிறது.

செய்யக்கூடியது என்ன?

இயந்திரத்தைத் திருப்பி அனுப்பும் காலம் போய்விட்டது. இருப்பதைக் கொண்டு வழி காண வேண்டும். வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பரவலாகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்து, பிறகு சிறிது நேரம் ஆறவிட்டுக் கொடுத்தால் சத்தும் செரிமானமும் கூடும். நொறுங்கிய வைக்கோலுக்கும் இது பொருந்தும். ஆனால் யூரியாக் கரைசலை மாடு நேரடியாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோலைக் கொடுக்கக் கூடாது.

1929-இல் தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் துறையினர் நெல்லோடு மீனையும் கோழியையும் சேர்த்து வளர்க்கும் முறையைச் சிறு விவசாயிகளிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். வயலின் ஓரத்தில் பள்ளம் எடுத்து மீன் விடுவது. வயலுக்கு மேலே கால் நட்டுக் கோழிக் கூண்டு வைப்பது. கோழியின் எச்சம் மீனுக்கும் பயிருக்கும் உணவாவது. பழைய பாகப்பிரிவினையில் இரண்டு பங்காளிகள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தத்துவம் ஒன்றே: ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு.

எல்லா நிலத்துக்கும் இல்லாவிட்டாலும் கால் ஏக்கரையாவது கையால் அறுத்து, நீளத் தாளைத் தனியே வைத்துக்கொள்ளலாம். போரின் உச்சியைக் கட்டவும், விதைக் கோட்டை பொதியவும், பிள்ளைகளுக்குப் பிரி திரிக்கக் கற்றுக்கொடுக்கவும் அது போதும். கைத்தொழில் புத்தகத்தில் தங்குவதில்லை. ஒரு தலைமுறை கையை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867-இல் வடலூரில் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தைப்பூசத்தன்று அங்கே கூடும் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போகிறது. பசித்த வயிற்றைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் இலை போடு என்பது அந்த அடுப்பு சொல்லும் செய்தி. அதே மண்ணில், கொட்டிலில் நிற்கிற வாயில்லா ஜீவனுக்கும் ஓர் இலை உண்டு. அது வைக்கோல். அறுவடை எந்த முறையில் நடந்தாலும் சரி, நுனியை எண்ணும்போதே நடுவையும் எண்ணிக்கொள்கிற குடும்பத்தில் அடுத்த மார்கழியிலும் பால் பொங்கும்.