வயிற்றின் மேல் வீண்பழி

வாய் நாறுகிறது என்றதும் நம் வீடுகளில் முதலில் மாட்டிக்கொள்வது வயிறுதான். “வயித்துல புண்ணு இருக்கும், மோர் குடி” என்பார்கள். பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு நாற்றம் கிளம்பும் இடம் வாயேதான். உணவுக்குழாய் விழுங்காத நேரத்தில் மூடிக்கிடப்பது. ஏப்பம், எதுக்களிப்பு தவிர வயிற்றுக் காற்று மேலே வர வழியில்லை.

கனடாவின் வான்கூவரில் ஜோசப் டோன்செடிச் என்ற ஆய்வாளர் வாய்க்காற்றைக் கருவிக்குள் செலுத்திப் பகுத்துப் பார்த்தார். அதில் அகப்பட்டவை கந்தக வாயுக்கள் என்று 1971-ல் கட்டுரை வெளியிட்டார். அழுகிய முட்டையின் வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு அவற்றில் ஒன்று. நாக்கின் பின்பகுதி சொரசொரப்பானது. உதிர்ந்த செல்கள், மூக்கிலிருந்து இறங்கும் சளி, உணவுத் துணுக்கு எல்லாம் அங்கே படியும். காற்றுப் படாத அந்த அடுக்குக்குள் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றிலுள்ள புரதத்தைச் சிதைத்து இந்த வாயுக்களை வெளியிடுகின்றன. ஈறு வீங்கி, பல்லைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தாலும் இதே கதை.

சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பக்கத்தை மெதுவாக வழியுங்கள். மஞ்சளாக, கொழகொழவென்று ஒட்டி வருவதைச் சில விநாடி ஆறவிட்டு முகர்ந்தால் விடை தெரிந்துவிடும்.

நாக்கு வழிப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் குமட்டல் வந்ததும் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். அது ஓரளவு சுத்தமான பகுதி. நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி பின்னாலிருந்து முன்னே இழுத்தால் குமட்டல் குறையும், போகப்போகப் பழகிவிடும். ரத்தம் வர அழுத்த வேண்டாம். பல்லிடுக்குக்கு பிரஷ் போகாது, ஃப்ளாஸ் நூல்தான் போகும். இறுகிய காரையைப் பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். ‘கிளீனிங் பண்ணினால் பல் ஆடும்’ என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். ஆடும் பல் எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்தது. காரைதான் அதை மறைத்து வைத்திருந்தது.

மவுத்வாஷ் துணைக்கு மட்டுமே. துத்தநாகம் கலந்தது கந்தக வாயுவைப் பிடித்துக்கொள்ளும். குளோர்ஹெக்சிடின் நன்றாக வேலை செய்யும், வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் கறை ஏறும்.

தூக்கத்தில் எச்சில் குறைவதால் வரும் காலை வாடை எல்லோருக்கும் உண்டு. சில ரத்த அழுத்த, மனச்சோர்வு மாத்திரைகளும் வாயை வறட்டும். டாக்டரிடம் சொல்லலாம், தானாக நிறுத்தக் கூடாது.

இத்தனை செய்தும் போகவில்லையென்றால் டான்சில் கற்களும் சைனஸும் சந்தேகப் பட்டியலில் வரும், காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்கலாம். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழவாடையோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. எதிரில் இருப்பவர் மூக்கைத் தொட்டாலே தன் வாய்தான் காரணம் என்று கூசி, கையால் மறைத்துப் பேசுகிறவர்கள். வீட்டில் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவரையும் பல் டாக்டரையும் முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள். இருவருமே நாற்றம் இல்லை என்ற பிறகும் பயம் விடவில்லையானால் அடுத்துப் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை.